மேளம் நிற்கும் சனிக்கிழமை

நோர்ட்டே செத்த மறுநாளே வானொலிக்காரர்கள் அவனைத் தீர்க்கதரிசி ஆக்கிவிட்டார்கள். அவனை அடித்தவன் நான். என் பெயரை அவர்கள் சொல்லவில்லை. ‘எதிராளி’ என்று மட்டும் சொன்னார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அதே வானொலியில் அவன் பேசியிருந்தானாம். அந்த நாடாவை எடுத்து மணிக்கு ஒரு தரம் போட்டார்கள். “மேளம் நிக்கும்போது நானும் நின்னுடுவேன். இந்த வருஷம் வெதைக்கிற சோளம் எனக்கில்ல.” பின்னாலேயே அவனுடைய இருமல் கலந்த சிரிப்பு. பக்கத்து ஊர் தேஷியில், செத்தவர் தொழிலுக்கேற்ற உருவத்தில் பெட்டி செய்யும் சவப்பெட்டிக்காரரிடம், சிவப்புக் குத்துச்சண்டைக் கையுறை மாதிரி ஒரு பெட்டி செய்யச் சொல்லி வைத்திருந்தானாம். தன் சப்பாத்துகளையெல்லாம் தெருவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தானாம். வானொலிக்காரர் இன்னும் சிலரையும் சேர்த்துச் சொன்னார். தன் சாவுக்குத் தானே பாட்டுக் கட்டிப் பாடிய ஒரு பாடகர், அந்த வாரமே லாரி கவிழ்ந்து போனார். தன் குழி எங்கே வரும் என்று கைகாட்டிய ஒரு போதகர், பத்தாம் நாள் அதே இடத்தில் இறங்கினார். “பெரிய மனுஷங்களுக்கு மேலேருந்து முன்னாடியே சேதி வந்துருதுங்க” என்றார்.

எனக்கு ஒரு சேதியும் வரவில்லை.

அக்ராவில் எங்கள் பக்கம் ஹொமோவோ திருவிழாவுக்குச் சோளம் விதைத்ததும் ஒரு மாதம் மேளம் கூடாது. பாட்டு, சத்தம், சாவுக் கொட்டு எதுவும் கூடாது. அந்த மௌனம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமைதான் வருடத்தின் பெரிய சனிக்கிழமை. ஒரு மாதத்துக்கான மேளத்தை அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுவார்கள். நாங்கள் சண்டை போட்டது அன்றைக்கு.

நோர்ட்டேயும் நானும் புக்கோம் பேட்டையில் ஒரே கூடத்தில் குத்துச்சண்டை கற்றவர்கள். தகரக் கூரை, பக்கத்தில் கடல், நடுவில் மணல் மூட்டை. அவன் ஆப்பிரிக்காவுக்கே சாம்பியனாக வந்தான். நான் அவனுக்குப் பயிற்சிக்கு நின்று அடி வாங்குகிறவனாக ஒன்பது வருடம் இருந்தேன். அந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. சாம்பியன் உன்னை அடிக்கலாம், நீ சாம்பியனின் முகத்தில் அடிக்கக் கூடாது. ஒன்பது வருடமும் என் வலது கையை அவன் கன்னத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்திப் பழகினேன். பிறகு அவனுக்குச் சிலை வைத்தார்கள். நான் மீன்துறையில் பெட்டி தூக்கப் போனேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வீட்டில்தான் சாப்பாடு. அவன் தங்கை டேடே என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

மார்ச் மாதம் ஒரு காலை, துறையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். நோர்ட்டே வந்து படகு மேல் சாய்ந்து நின்றான். மீன்காரிகள் எல்லோரும் கத்தி வாழ்த்தினார்கள்.

“தவியா! அந்த வலது கை இன்னும் இருக்கா, இல்ல மீன் பெட்டியோட சேத்து எறக்கி வச்சிட்டியா?”

“கன்னத்தைக் கொண்டா. இருக்கான்னு தெரிஞ்சிடும்.”

“அதுக்குத்தான்டா வந்தேன். மேளம் நிக்கிறதுக்கு முந்தின சனிக்கிழமை, நீயும் நானும். மூணு சுத்து. கூடத்துக் கூரை ஒழுகுது, அதுக்காக.”

“எனக்கு அம்பத்தொண்ணு, உனக்கு அம்பத்திமூணு. ஜனங்க எதுக்கு வருவாங்க, சிரிக்கவா?”

“சிரிக்கட்டுமே. ஆனா ஒண்ணு. தடவிக் குடுக்கக் கூடாது. ஒம்பது வருஷம் தடவிக் குடுத்தே, அது போதும்.”

“தடவிக் குடுத்தேனா? நீதானடா அடிக்காதேன்னே, மூஞ்சியைப் போட்டோ எடுக்க வராங்கன்னு!”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “இப்ப யாரு எடுக்கப் போறா? நெசமா அடிக்கணும். சத்தியம் பண்ணு.”

ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு வானத்தைக் காட்டினேன். அவன் என் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனான். அன்று முழுவதும் பெட்டிகள் எனக்குப் பாரமாகவே தெரியவில்லை. ஊரே பார்க்கச் சாம்பியனை அடிக்கலாம் என்று சாம்பியனே சொல்லிவிட்டான். ஒன்பது வருடமாக ஒரு விரல் தூரத்தில் நின்ற கைக்கு வேறென்ன வேண்டும்.

சண்டை அன்று காலையில் டேடே வீட்டில் எனக்குச் சோளக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். மத்தியானம் நான்கு மணிக்கு மேளக்காரர்கள் தோல் கிழிய அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் சுற்றில் அவன் பழைய நோர்ட்டேதான். இடது கையால் என் மூக்கைத் தட்டித் தட்டி ஜனங்களைச் சிரிக்க வைத்தான். இரண்டாவது சுற்று பாதியில், தட்டியதும் கன்னத்தைக் காக்கத் திரும்பிவிடும் அந்த இடது கை கீழே இறங்கியது.

அந்தக் கை இறங்கி நான் பார்த்ததே கிடையாது. தூங்கும்போதுகூட அது கன்னத்தை விடாது என்று டேடே கிண்டல் செய்வாள். அவன் கண்ணைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்தேன். சத்தியம் ஞாபகம் வந்தது. அடித்தேன்.

முதலில் உட்கார்ந்தான். பிறகு, படுக்க இடம் கேட்டு வந்தவன் மாதிரி மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தான். ஞாயிறு விடியும்போது ஆஸ்பத்திரியில் போய்விட்டான். திங்கட்கிழமை ஊரில் மேளம் நின்றது. அவன் சொன்ன நாள் தப்பவில்லை என்று ஊர் முழுக்க மெய் சிலிர்த்தது.

போலீஸ்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சட்டப்படி நடந்த சண்டை, நடுவர் இருந்தார் என்று அனுப்பிவிட்டார்கள். மீன்துறையில் அப்படி விடவில்லை.

அங்கே நாங்கள் நான்கு பேர் ஒரே சட்டியில் சாப்பிடுவோம். நடுவில் புளித்த சோளமாவில் வேகவைத்த கெங்கே உருண்டை, அரைத்த மிளகாய், பொரித்த மீன், சுற்றி நான்கு வலது கைகள். நோர்ட்டே செத்த பிறகு நான் சட்டியில் கை வைத்ததும் ஒருவனுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. இன்னொருவன் வீட்டிலேயே சாப்பிட்டு வந்திருந்தான். மூன்றாம் நாளும் அப்படியே ஆனபோது ஒகாயைக் கேட்டேன். பதினைந்து வருடமாகப் பெட்டியின் அந்த முனையை அவனும் இந்த முனையை நானுமாகத் தூக்கினவர்கள்.

“கோவிச்சுக்காத தவியா. உன்மேல ஒண்ணுமில்ல. அந்தக் கைமேலதான்.”

“கழட்டி வச்சிட்டு வரட்டுமா?”

“அப்படி முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்.” அவன் சிரிக்கவில்லை. “அவங்க வீட்ல தண்ணி ஊத்திட்டாங்கன்னா சரியாயிடும்பா. அதுவரைக்கும் பெட்டியையும் வேற யாரோடயாவது தூக்கிக்க.”

எங்களில் ஒருவன் கையால் ஒருவன் செத்தால், செத்தவன் வீட்டு முற்றத்தில், ஊர் பார்க்க, அந்தக் கைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் மனசில் ஒன்றுமில்லை என்று வீட்டார் சொல்ல வேண்டும். ‘ஹியாவ்’, அப்படியே ஆகட்டும், என்று அந்தக் கைக்காரன் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அது எல்லாக் கையையும் போல ஒரு கை. அதுவரை அதனோடு யாரும் சாப்பிடுவதில்லை, பாரம் தூக்குவதில்லை. மீன் பெட்டி ஒற்றை ஆள் தூக்குகிற பெட்டி இல்லை. வேலை போயிற்று.

தண்ணீர் கேட்டு ஆள் அனுப்பினேன். ஹொமோவோ மறுநாள் வா என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பினார்கள். மௌனம் முடிந்து ஜூனில் அவனைப் புதைத்தார்கள். சிவப்புக் கையுறைப் பெட்டியைத் தலைகளுக்கு மேல் ஆட்டி ஆட்டிக் கொண்டு போனார்கள். நான் சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

ஜூலையில் தேஷிக்கு நடந்தேன், சவப்பெட்டிப் பட்டறையில் பலகை தூக்கவாவது ஆள் வேண்டுமா என்று கேட்க. பட்டறைக்காரர் சோவா அத்தாவுக்கு எழுபதுக்கு மேல், எங்களில் வயதான ஆண்களை அத்தா என்போம். என்னைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தார். எந்தக் கேள்வியும் இல்லாமல் வேலை கொடுத்தார். நண்டு உருவப் பெட்டி ஒன்றுக்கும் விமான உருவப் பெட்டி ஒன்றுக்கும் உப்புக் காகிதம் தேய்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டபோது, அவர் வந்து குந்தி என் சட்டியிலேயே கை வைத்தார்.

நான் என் கையை எடுத்துக்கொண்டேன். “பயமா இல்லையா அத்தா?”

“எதுக்குப் பயம்? உன் கைமேல தப்பில்லையே.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கடவுள் விதிச்சதுன்னு.”

“கடவுளா…” மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். “சொல்ல மாட்டேன்னு அவன்கிட்ட வாக்கு குடுத்தேன். நீ தெனம் என் கண்ணு முன்னாடி தனியா உக்காந்து திங்கற. என்னால முடியல தவியா.”

நோர்ட்டே பெட்டிக்கு அளவு கொடுக்க வந்தபோது, காளை மாதிரி இருக்கிறவனுக்கு இப்போது எதற்குப் பெட்டி என்று கேட்டாராம்.

“தலைக்குள்ள ஒரு ரத்தக் கொழாய் பலூனாட்டம் ஊதியிருக்குன்னு படம் எடுத்துச் சொல்லிட்டாங்களாம். சும்மா இருந்தா ஒரு வருஷமோ ரெண்டோ. மொதல்ல கண்ணு போவும், அப்புறம் ஒரு பக்கம் விழும், வாயை ஒருத்தர் தொடைக்கணும். தலையில நல்லா ஒரு அடி பட்டா அன்னிக்கே முடிஞ்சிடும்னாங்களாம்.”

“அவன் என்ன சொன்னான்?”

“‘பாயில கெடந்து ஈ மொய்க்க சாவ மாட்டேன் அத்தா’ன்னான். தானா உசுரை மாய்ச்சுக்கிட்டா நம்ம ஊரு வழக்கம் உனக்கே தெரியும். மேளம் கெடையாது, அழுகை கெடையாது, கோணியில சுத்தித் தூக்கிட்டுப் போயிடுவாங்க. எந்தப் புள்ளைக்கும் அந்தப் பேரை வைக்க மாட்டாங்க. அதனால…”

“அதனால?”

“‘எனக்கு ஒரு ஆள் இருக்கான்’னான். ‘நல்ல கை. கேள்வி கேக்காது’ன்னான்.”

நான் எழுந்து போய் மரத்தூளில் நின்றேன். மேளம் நிற்கும்போது நானும் நிற்பேன் என்று அவன் சொன்னது நினைவில் வந்து நின்றது. அவன் அந்த நாளை முன்னறிந்து சொல்லவில்லை, தானே குறித்து வைத்திருக்கிறான். அந்த நாளில் முடித்துத் தர ஒரு கூலியாளைத் தேடி மீன்துறைக்கு வந்திருக்கிறான். கூடத்தில் எங்கள் காலத்தவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. இருவரும் இப்போது பயிற்சியாளர்கள், பெயர் உள்ளவர்கள். அவர்கள் பெயர் கெட்டுவிடும் என்று யோசித்திருப்பான். என்னிடம் கெட என்ன இருக்கிறது என்றும் யோசித்திருப்பான்.

“ஏன் அத்தா என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா அடிச்சிருப்பியா?”

“மாட்டேன்.”

“அவனுக்கும் அது தெரியும். இங்க உக்காந்து அழுதான்ப்பா.”

“என்கிட்ட வந்து சிரிச்சான்” என்றேன். பிறகு கேட்டேன், “வேற யாருக்குத் தெரியும்?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “டேடேக்கு.”

ஹொமோவோ மறுநாள் காலையில் எங்கள் ஊரில் முதலில் அழுவார்கள். அந்த வருடம் போனவர்களை நினைத்து வீட்டுக்கு வீடு ஓலம் கேட்கும். அது அடங்கியதும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், சண்டையெல்லாம் மறந்து கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். நான் போனபோது டேடே அழுது முடித்து, முகம் வீங்கி, இடுப்பில் பேரனோடு நின்றாள். உள் அறைக்குக் கூப்பிட்டாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமாமே” என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தாள். “சோவா அத்தா வாயில எதுவும் நிக்காது.”

“தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“சண்டை அன்னிக்குக் காலையில கஞ்சி ஊத்தினியே. அப்பவும் தெரியுமா?”

“தெரியும்ண்ணே.”

“சக்கரை வேற கூடப் போட்டே.”

அவள் மேல்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை.

“வெளிய ஊரே நிக்குது. வந்து சொல்லு. உன் அண்ணன் தெரிஞ்சேதான் செஞ்சான், தவியாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. வேற எதுவும் வேணாம்.”

“சொன்னா அவன் தானா செத்தவன் ஆயிடுவான். இந்த ஊர்ல பதினோரு புள்ளைங்களுக்கு அவன் பேர் வச்சிருக்கு. இதுக்கும்தான்.” பேரனைக் காட்டினாள். “பேரை எடுத்துடுவாங்க. குழியைக்கூட மாத்தச் சொல்லுவாங்க. என்னால முடியாதுண்ணே.”

“என் கை?”

“அதான் தண்ணி ஊத்தப் போறோமே. பெரியவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. யாருக்கும் கோவம் இல்ல. மன்னிச்சுட்டாங்க.”

“மன்னிச்சுட்டீங்களா? யாரு, யாரை?”

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள். நானும் போனேன், போகாமல் இருக்கத் தெரியவில்லை.

முற்றம் நிறைய ஜனம். துறையிலிருந்து ஒகாயும் சாட்சிக்கு வந்திருந்தான். வானொலிக்காரரும் ஒலிவாங்கியோடு வந்திருந்தார். நான் வலது கையை நீட்டினேன். டேடே சுரைக்குடுவையிலிருந்து ஊற்றினாள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. “எங்க மனசுல ஒண்ணுமில்ல. இந்தக் கை செஞ்சதை மறந்துட்டோம். சமாதானம் வரட்டும்” என்றாள். அவள் குரல் நடுங்கியது. அழுகையால் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

ஹியாவ் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் நாளைக் காலையில் பெட்டியின் அந்த முனையில் ஒகாய் நிற்பான். அவன் தலையை ஆட்டி ஆட்டி, சொல்லு சொல்லு என்று எனக்கு ஜாடை காட்டிக்கொண்டிருந்தான்.

“இந்தக் கை என்ன செஞ்சுதுன்னு சொல்லு டேடே” என்றேன். “சொல்லிட்டு ஊத்து.”

“வேணாம்ண்ணே.”

“சொல்லு.”

பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார். “ஏண்டா, மன்னிக்கிறவங்களையே நிக்க வச்சுக் கேள்வி கேக்கறியா? என்ன திமிரு!”

வானொலிக்காரருக்கு இதெல்லாம் புரியவில்லை. ஒலிவாங்கியை என் வாய்க்கு நேராக நீட்டினார். “நீங்கதான் அவருக்கு நெருங்கின ஆளுன்னு சொல்றாங்க. சாவப் போறதைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாருங்களா?”

“எல்லார்கிட்டயும் சொன்னான்” என்றேன். “என்கிட்ட மட்டும் சொல்லல.”

பாருங்கள், என்ன அதிசயம் என்பதுபோல் அவர் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

உண்மையை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். டேடேயின் இடுப்பில் அந்தக் குழந்தை என் ஈரக் கையைப் பிடிக்க எட்டி எட்டிப் பார்த்தது. செத்தவன்மேல் இருந்த கோபத்தை அதன் பெயரில் இறக்க மனம் வரவில்லை. ஆனால் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, மீதி நாளெல்லாம் மன்னிக்கப்பட்டவனாக அலையவும் என்னால் முடியாது. கையை என் சட்டையில் துடைத்தேன். அழுத்தி, விரலிடுக்கு விடாமல். கூட்டம் ‘ஆ’ என்றது. ஊற்றிய தண்ணீரை யாரும் அப்படித் துடைத்தது கிடையாது. டேடே மட்டும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் நடந்தேன். தெருமுனை வரைக்கும் ஒரு கல்லும் வந்து விழவில்லை. அதுவே பெரிய மரியாதைதான்.

அந்த வாரமே தக்கொராடிக்கு வண்டி ஏறினேன். இங்கே துறைமுகத்தில் கொக்கோ மூட்டை. ஒற்றை ஆள் முதுகில் ஏற்றுகிற மூட்டை, கூட்டாளி தேவையில்லை. யாரும் ஊரைக் கேட்பதில்லை, கையையும் கேட்பதில்லை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. இடுப்பு போய்விட்டது, கை நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் கெங்கேக்காரம்மா கடைப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடை வானொலியில் யாரோ ஒரு தலைவரின் சாவைப் பற்றி, அவர் முன்பே உணர்ந்திருந்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலவே மூட்டை தூக்குகிற, வின்னெபா ஊர்க்காரன் ஒருவன் திரும்பினான்.

“இதெல்லாம் என்ன பெரிசு! நீ அக்ரா பக்கம்தானே? நாள் குறிச்சுச் சொல்லிட்டுச் செத்த சாம்பியனைத் தெரியுமா உனக்கு?”

“கேள்விப்பட்டிருக்கேன்.”

“அடிச்சவன் கதை தெரியுமா? தண்ணி ஊத்தி மன்னிக்க வந்தாங்களாம் பாவம், தொடைச்சுப் போட்டுட்டு ஓடினானாம். அப்படியே வலது கை தொவண்டு, வேப்பங்குச்சியாட்டம் காஞ்சு, மூணே மாசத்துல போயிட்டானாம்.”

“அடக் கடவுளே” என்றாள் கெங்கேக்காரம்மா. “வேணும் அவனுக்கு.”

“இன்னும் கேளும்மா. அதையும் அந்த சாம்பியன் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாராம். ‘என்னை அடிக்கிறவனும் ரொம்ப நாள் தாங்க மாட்டான்’னு.”

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். “அவன் எந்த மாசம் சாவான்னு சொன்னாராம்?”

வின்னெபாக்காரன் கொஞ்சம் யோசித்தான். “அதைச் சொல்லாமயே போயிட்டாராம்ப்பா.”